மேடு வருது, கியரை மாத்துங்க

கொத்தனார் அந்தச் சுவரைக் கட்டியபோது கார் உள்ளேதான் நின்றது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. செங்கல்லை அடுக்கிக்கொண்டே வந்தவர், சுவர் இடுப்பு உயரம் எழும்பியதும் உள்ளே எட்டி, காரின் பின்கண்ணாடியில் தெறித்திருந்த சிமெண்டைத் துண்டால் துடைத்துவிட்டு மேலே கட்டினார்.

"வண்டி உள்ள நிக்குதேங்க," என்றாள் மனைவி.

"வெளிய நின்னா மழையில நனையாதா?" என்றார்.

அவருடைய யோசனை இதுதான். வீட்டின் பக்கவாட்டில் இருந்த கார் ஷெட்டின் வாசலை அடைத்துவிட்டால் ஓர் அறை கிடைக்கும். அடுப்படியிலிருந்து அதற்கு ஒரு கதவு, தெருப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். காரைப் பிறகு துண்டு துண்டாகக் கழற்றி விற்றுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் யோசித்தவர், தன் அப்பாவை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்.

அப்பா டிரைவிங் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். சுவர் எழும்பியபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பூச்சு காய்ந்த பிறகு ஒருநாள் காலை, தோளில் துண்டோடு அடுப்படி வழியாக உள்ளே போனார். காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளைச் செருகினார். பின்சக்கரங்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. புகைக்குழாயில் ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையை ஜன்னல் வழியே தெருவுக்கு விட்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அடுத்த ஆளு வரலாம்" என்றார்.

ஆட்களும் வந்தார்கள். ஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உள்ளே போய் வண்டி ஓட்டினார்கள். எஞ்சின் ஓடியது. சக்கரம் சுற்றியது. வேகமுள் நாற்பதைத் தாண்டியது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இடது பக்கம் ஸ்கூலு. மெதுவா, மெதுவா. எதிர்ல லாரி வருது, ஒதுங்கு. யோவ், ஒதுங்குய்யா!" என்று மாஸ்டர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். முன்கண்ணாடியில் பார்த்தால் சுவர். பக்கக் கண்ணாடியில் பார்த்தாலும் சுவர். இங்கே கற்றுக்கொண்டு வெளியே போனவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள் என்றுதான் பேச்சு. ரோட்டில் எங்காவது சுவரைக் கண்டால் மட்டும் அவர்களுக்கு ஒரு நிம்மதி வரும்.

மருமகளுக்குத்தான் நிம்மதி இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகல் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் நின்று, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் அவளால் மூச்சை இழுக்க முடியவில்லை. ரப்பர் குழாய்க்கு எவ்வளவு வழி காட்டினாலும் டீசல் புகை அடுப்படிக்குத்தான் வந்தது. சோற்றில் டீசல் வாடை, தலையணையில் டீசல் வாடை. ஒருநாள் தன் நெஞ்சைத் தானே படம் எடுத்து, அந்த ஃபிலிமைக் கொண்டுவந்து புருஷனிடம் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க. உங்க அப்பா கிளாஸ் எடுக்கிறது என் நெஞ்சுல தெரியும்."

கொத்தனார் விலா எலும்புகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "வரிசை பிசகாம கட்டியிருக்கு" என்றார்.



அந்த வாரத்தில்தான் படகுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிறவர். அவருடைய பழைய எஞ்சின், கைப்பிடி போட்டுச் சுற்றும்போது எதிர்த்து உதைத்து, அவருடைய கட்டைவிரலை முறித்திருந்தது.

"இதோட இந்தச் சனியனைத் தலைமுழுகிட வேண்டியதுதான்மா," என்றார், மேஜைமேல் கையை விரித்து வைத்துக்கொண்டு. "பழைய கார் எஞ்சின் ஒண்ணு, டீசல்ல ஓடுறதா, எங்கயாவது கிடைச்சா நல்லாருக்கும்."

அவள் விளக்கைப் போட்டாள். "அசையாதீங்க அண்ணே," என்றாள். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு."

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் கையைப் பிசைந்தாள். சொன்னபோது அவர் கத்தவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எஞ்சினைத் தாராளமா எடுத்துக்கட்டும்மா. கிளாஸுக்கு எஞ்சின் அவ்வளவு முக்கியம் இல்ல. ஆனா கிளட்ச் இருக்கணும், பிரேக் இருக்கணும், கியர்பாக்ஸ் இருக்கணும், ஹாரன் இருக்கணும். இன்னொண்ணு, கிளாஸ் நிக்கக் கூடாது."

"எஞ்சினை இறக்குற அன்னிக்குக்கூடவா மாமா?"

"அன்னிக்கு வக்கீலம்மாவோட நேரம். அவங்க ஒருநாள்கூட வராம இருந்தது இல்ல."

வக்கீலம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு சாட்சிகளுக்கு வாய் உலர்ந்துவிடும். ஆனால் ரோட்டைக் கண்டால் அவருக்கு நடுக்கம். தெருவைக் கடக்கவே யாருடைய கையையாவது பிடித்துக்கொள்வார். சுவருக்குள் கார் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவர், மழை வெயில் பாராமல் வந்துகொண்டே இருந்தார். மாஸ்டரின் மாணவர்களில் அவரைப்போல ஓட்டுகிறவர் இல்லை. இல்லாத பள்ளத்தை அவர் ஒதுங்கிப் போகும் அழகைப் பார்த்து மாஸ்டர் கண்கலங்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். அவரை எல்லாரும் 'அரைச்சுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த போல்ட்டைக் கழற்றினாலும், எவ்வளவு நேரம் ஆனாலும், "இன்னும் அரைச்சுத்துதான்" என்பார். பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தோளில் சுமந்து வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். காருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம்.

"வண்டி எப்படி உள்ள வந்துச்சு?"

"வண்டி வரல. சுவருதான் வந்துச்சு," என்றாள் மருமகள்.

"எஞ்சினை எதுல தொங்கவிடுறது?"

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூரையைக் காட்டினார். உத்தரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. "நான் கான்கிரீட் போடும்போதே வச்சது. யானையைக் கட்டித் தொங்கவிடு, ஒரு கீறல் விழுந்தா என்னை ஏன்னு கேளு."

அரைச்சுத்து பானெட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் பிடித்து, ரேடியேட்டரையும் வெளியே எடுத்தார். ரப்பர் குழாய்கள், ஒயர்கள், டீசல் லைன், புகைக்குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று அடுப்படி மேடைமேல் வந்து உட்கார்ந்தன. மருமகள் பருப்பு டப்பாக்களைத் தள்ளிவைத்து இடம் கொடுத்தாள். கியர்பாக்ஸ் கீழே தொங்கிவிடாமல் இருக்க அதற்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்தார்கள். பிறகு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகளின் முறை வந்தது. அப்போதுதான் படகுக்காரர் கட்டுப்போட்ட கையோடு உள்ளே நுழைந்தார்.

"என்னப்பா, கியர்பாக்ஸை விட்டுட்டுப் போறீங்க?"

"அது எனக்கு வேணும்," என்றார் காருக்குள்ளிருந்து மாஸ்டர். அவர் தன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று.

"அது இல்லாம நான் ரிவர்ஸ் எப்படிப் போறது சாமி?"

"ஆத்துல ரிவர்ஸ் எதுக்கு? அவ்வளவு இடம் கெடக்கு. சுத்தி வா."

"கரையில வந்து முட்டினா?"

"முட்டாம நிறுத்து. அதுக்குத்தான் பிரேக்."

"படகுல ஏது பிரேக்கு?"

மாஸ்டர் அதிர்ந்துபோனார். பிரேக்கே இல்லாத ஒரு வண்டியில் மனிதர்கள் குழந்தைகுட்டிகளோடு ஏறிப்போகிறார்கள் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. "பிரேக் இல்லாத வண்டிக்கு நான் எஞ்சின் தரமாட்டேன்," என்று கதவைப் பூட்டிக்கொண்டார்.

நல்ல வேளையாக அந்த நேரத்தில் வக்கீலம்மா வந்தார். பையை ஹாலில் வைத்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் விசாரித்தார். படகு தானாகவே நின்றுவிடக்கூடியது, ஏனென்றால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே தண்ணீரே பிரேக் என்று மாஸ்டருக்கு விளக்கினார். கியர்பாக்ஸ் என்பது எஞ்சினைச் சேர்ந்ததல்ல, வண்டியைச் சேர்ந்தது என்று படகுக்காரருக்கு விளக்கினார். இரண்டு பேருக்கும் பாதி புரிந்தது. போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"சரி, மேடம் கிளாஸை ஆரம்பிக்கலாம்," என்றார் மாஸ்டர்.

"எஞ்சினைக் கழட்டிட்டிருக்காங்களே சார்?"

"அது அவங்க வேலை. நீங்க ரோட்டைப் பாருங்க."

வக்கீலம்மா ரோட்டைப் பார்த்தார். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் அரைச்சுத்தின் முதுகு தெரிந்தது. கண்ணாடியைச் சரிசெய்தார். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டார். எஞ்சின் சத்தத்துக்குப் பதிலாக மாஸ்டரே மெல்லிசாக உறுமிக்கொடுத்தார்.

அரைச்சுத்து எஞ்சினுக்குச் சங்கிலி மாட்டி, செயின் பிளாக்கைக் கூரைக் கொக்கியில் கோத்தார். எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை அடியில் படுத்துக்கொண்டு கழற்றினார். கடைசியாக ஒன்று மிச்சம். அது துருப்பிடித்து, ஸ்பானர் நுழையாத மூலையில் இருந்தது. எண்ணெய் ஊற்றினார். தட்டினார். வைதார்.

"முடிஞ்சுதா?" என்றார் கொத்தனார்.

"இன்னும் அரைச்சுத்துதான். தூக்குற இழுப்புல தானா வந்துரும். நீங்க இழுங்க."

கொத்தனாரும் படகுக்காரரும் செயினை இழுத்தார்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மூன்று கைகள். கடகடவென்று சத்தம் கேட்டது. சங்கிலி விறைத்தது. எஞ்சின் ஒரு அங்குலம் எழுந்தது. பிறகு இன்னொரு அங்குலம். கூடவே காரின் மூக்கும் எழுந்தது.

"நல்லா வருது, இழுங்க!" என்றார் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்த அரைச்சுத்து. அவர் எஞ்சினை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்சக்கரங்கள் தரையை விட்டன. அடுப்படிக் கதவில் நின்ற மருமகளின் கண்ணுக்கு முன்னால் கார் மெதுவாக, ஒரு குதிரை முன்னங்காலை ஊன்றி எழுவதைப்போல, முகத்தை மேலே தூக்கியது. உள்ளே வக்கீலம்மாவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"சார்! சார், என்ன ஆகுது?"

"மேடு வருது," என்றார் மாஸ்டர் அசையாமல். "கியரை மாத்துங்க."

வக்கீலம்மா மாற்றினார்.

"நல்ல மேடு. விடாதீங்க. இதுக்கெல்லாம் பயந்தா வண்டி ஓட்ட முடியாது."

"மாமா, இறங்குங்க!" என்று மருமகள் கத்தினாள். "என்னங்க, நிறுத்துங்க! வண்டியே தொங்குது!"

கொத்தனார் இழுப்பதை நிறுத்தினார். ஆனால் அவர் காரைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவையும் பார்க்கவில்லை. கூரையைத்தான் பார்த்தார். கொக்கி அப்படியே இருந்தது. உத்தரத்தில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. "பாத்தியா?" என்றார் மனைவியிடம். "காரே தொங்குது. ரெண்டு ஆளோட."

அப்போதுதான் அந்த போல்ட் ஒடிந்தது.

வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளி மேலே போய் ஆட, காரின் முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் பின்பக்கம் மரக்கட்டைகளை விட்டு நழுவியது. அத்தனை காலமும் அந்தரத்தில் நின்ற பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. கார் தானாகவே ஒரு சாண் பின்னால் உருண்டு, கொத்தனாரின் சுவரில் போய் மோதியது.

"இறக்கம். பிரேக்," என்றார் மாஸ்டர், சற்றுத் தாமதமாக.

ஆடிக்கொண்டிருந்த எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஸ்டியரிங்கை இறுக்கப் பிடித்தபடி இருந்த வக்கீலம்மா மெல்ல முகத்தைத் திருப்பினார். அவர் அழப்போகிறார் என்று மருமகள் நினைத்தாள்.

"நகந்துச்சு," என்றார் வக்கீலம்மா. "சார், வண்டி நகந்துச்சு!"

அவர் முகத்தில் இருந்தது பயம் இல்லை. தண்ணீரில் முதல்முறை கால் வைத்த குழந்தையின் முகம் அது. மாஸ்டர்தான் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

எஞ்சினை ஒரு பலகையில் இறக்கி, பலகைக்கு அடியில் இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, தள்ளிக்கொண்டே அடுப்படிக்குள் கொண்டுவந்தார்கள். அடுப்படியிலிருந்து ஹாலுக்குப் போகும் வாசலில் அது நின்றுவிட்டது. அந்த வாசலின் நிலையும் கொத்தனார் வைத்ததுதான். எஞ்சின் அதைவிட இரண்டு விரல் அகலம்.

"வைக்கும்போது அளந்து வைக்கலையா?" என்றாள் மனைவி.

"அளந்துதான் வச்சேன். ஆளை அளந்தேன், அரிசி மூட்டையை அளந்தேன், பீரோவை அளந்தேன். அடுப்படியில எஞ்சின் வரும்னு எவன் அளப்பான்?"

நிலையைப் பெயர்க்கலாம் என்றார் அரைச்சுத்து. கொத்தனார் மறுத்துவிட்டார். அறையின் தெருப்பக்கச் சுவரையாவது உடைக்கலாம் என்றார் படகுக்காரர். கொத்தனாரின் முகம் சுருங்கிவிட்டது. "நான் கட்டின சுவத்துல நான் கை வைக்க மாட்டேன். வேற யாரையும் வைக்கவும் விடமாட்டேன். வேணும்னா எஞ்சினை ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போங்க."

ஆக, எஞ்சின் அடுப்படியிலேயே தங்கியது. மருமகள் அதைச் சுற்றிவந்து சமைத்தாள். அவசரத்துக்கு அதன்மேல் சட்டியை இறக்கிவைத்தாள். படகுக்காரர் தினமும் அதைப் பார்க்க வந்தார். படகு ஓடாததால் அவருக்கும் வேறு வேலை இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நோயாளியின் பக்கத்தில் உட்கார்வதுபோல் எஞ்சினின் பக்கத்தில் உட்கார்ந்து, துணியால் துடைத்தபடி, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குற மாதிரி வாசம் வருதேம்மா," என்று சமையலுக்கும் யோசனை சொன்னார். வீட்டில் புகை நின்றுவிட்டது. புகை இருந்த இடத்தில் படகுக்காரர் இருந்தார்.

மாஸ்டரின் கிளாஸும் தடையில்லாமல் நடந்தது. எஞ்சின் இல்லாததால் உறுமிக் காட்டிக் காட்டி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வக்கீலம்மாவுக்குத்தான் மனம் ஒட்டவில்லை. ஒரு சாண் நகர்ந்தவருக்கு நிற்கிற வண்டி அலுத்துவிட்டது. கிளாஸ் முடிந்ததும் அவர் இறங்கி, காருக்குப் பின்னால் போய், சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவதை மருமகள் கவனித்தாள்.

ஒரு மாலை, பொழுது சாயும் முன்பே அவள் வேலையிலிருந்து வந்துவிட்டாள். அடுப்புப் பக்கத்தில் படகுக்காரர் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் பையை மாட்டிவைத்தாள். புருஷனின் சாமான் பெட்டியைத் திறந்து பெரிய சம்மட்டியை எடுத்தாள். தெருவுக்குப் போய், அந்தச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கைதான் தோள்வரை அதிர்ந்தது. மறுபடி அடித்தாள். பூச்சில் காசளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. அக்கம்பக்கத்து வாசல்களில் ஆள் கூடிவிட்டது. சத்தம் கேட்டு கொத்தனார் ஓடிவந்தார். வந்தவர் கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவள் அடிக்க அடிக்கச் சுவர் நிற்கும் அழகைப் பார்த்தார்.

"அடி, அடி. எவ்வளவு வேணாலும் அடி," என்றார். "கலவை யார் போட்டதுன்னு நெனைச்ச?"

அவள் அடித்தாள். வியர்வை கண்ணில் வழிந்தது. ஒரு செங்கல்லின் முனை உடைந்தது. கொத்தனாரின் முகம் கோணியது.

"ஏய், நடுவுல அடிக்காதே. கல்லு வீணாப் போகுது பாரு."

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் அதே இடத்தில் அடித்தாள். இன்னொரு கல் சிதறியது.

"மேல இருந்து வரணும்! மூட்டுல உளி வச்சு நெம்பணும்! இப்படியா இடிப்பாங்க? பாக்கிறவன் என்ன நெனைப்பான்?" அவரால் பொறுக்க முடியவில்லை. "குடு இப்படி!" என்று சம்மட்டியைப் பிடுங்கினார். உளியை எடுத்துவரச் சொன்னார். ஏணி போட்டு ஏறி, மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக, மூக்கு உடையாமல் பெயர்த்து, படகுக்காரர் கையில் கொடுத்து, ஓரமாக அடுக்கவைத்தார். வெளிச்சம் மங்கி அன்றைக்கு நிறுத்தியபோது அவருடைய சுவர் இடுப்பளவுதான் இருந்தது. மறுநாள் காலை மிச்சத்தையும் எடுத்துவிட்டு, மனைவியிடம் திரும்பி, "இதுக்குப் பேருதான் இடிக்கிறது" என்றார்.

"கத்துக்கிட்டேன்," என்றாள் அவள்.

அரைச்சுத்து வந்து பார்த்தார். படகுக்காரர் பார்த்தார். அகலத் திறந்த வாசல், அதற்கு நேராக நிற்கும் கார், அடுப்படியில் கிடக்கும் எஞ்சின். சுவரை முதலிலேயே இடித்திருந்தால் கார் தன் எஞ்சினோடு தானாகவே ஆற்றங்கரைக்கு ஓடிப்போயிருக்கும், அங்கேயே வைத்து நிதானமாக இறக்கியிருக்கலாம். அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் கொத்தனார் மறுபடி கட்டிவிடுவாரோ என்ற பயம்.

எஞ்சினை ஆற்றுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, வக்கீலம்மா ஏற்கெனவே டிரைவர் சீட்டில் இருந்தார். "இதோ வண்டி இருக்கே," என்றார்.

"எஞ்சின் இல்லையே மேடம்."

"தெரு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?"

தெரு ஆற்றுப் பக்கம்தான் சரிந்திருந்தது.

சக்கரங்களுக்குக் காற்று அடித்தார்கள். எல்லாருமாகக் காரை வெளியே தள்ளி, தெருவில் திருப்பி, பின்பக்கம் முன்னால் வரும்படி மறுபடி உள்ளே விட்டார்கள். எஞ்சினை அடுப்படியிலிருந்து உருட்டிவந்து, அதே கொக்கியில் தூக்கி, டிக்கிக்குள் இறக்கினார்கள். மூடியை மூட முடியவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். இத்தனை காலம் வண்டியை இழுத்தது இப்போது சவாரியாக ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. பாரத்தில் காரின் பின்பக்கம் தரையைத் தொடும்படி தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"ரோடு தெரியல சார்," என்றார் வக்கீலம்மா.

"என்ன தெரியுது?"

"மேகம்."

"அதுக்குக் கீழதான் ரோடு. போங்க."

மாஸ்டர் கதவுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் பின்சீட்டில் ஏறினாள். கொத்தனாரும் மற்ற இருவரும் தள்ள, கார் தெருவில் இறங்கியது. கொஞ்ச தூரம் தள்ளினார்கள், பிறகு கூடவே ஓடினார்கள், பிறகு பின்தங்கிவிட்டார்கள்.

சத்தமே இல்லை. காற்று மட்டும் உள்ளே வந்தது. வக்கீலம்மா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தபடி ஓட்டினார். எதிரே ஒரு தண்ணீர் லாரி நிஜமாகவே வந்தது. "ஒதுங்குங்க" என்று சொல்ல மாஸ்டர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. வக்கீலம்மா தானாகவே ஒதுங்கினார். ஒரு நாய் படுத்திருந்தது, சுற்றிப் போனார். பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைத்தார். ஹாரன் அடித்தார். தெருமுனை வளைவில் கார் திரும்பியபோது, டிக்கியில் இருந்த எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகியது. ஆறு தெரிந்தது. சரிவு முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில், படகுத்துறைக் கம்பத்துக்குப் பக்கத்தில், கார் மெல்ல வந்து நின்றது.

வக்கீலம்மா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "ஒரு கீறல் இல்ல," என்றார். பிறகு மணலில் உட்கார்ந்து நன்றாக அழுதார். மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்த படகுக்காரர், அவருக்கு அடி பட்டுவிட்டது என்று நினைத்து, கட்டுப்போட்ட தன் கையைக் காட்டி, "இந்தம்மா நல்லா படம் எடுப்பாங்க" என்று மருமகளைக் கைகாட்டினார்.

எஞ்சினைப் படகில் ஏற்றிப் பூட்டும் வேலைக்கு அரைச்சுத்தும் கொத்தனாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மருமகளும் மாமனாரும் ஏற்றத்தில் நடந்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"வருத்தமா மாமா?"

"எதுக்கு?"

"வண்டி அங்கயே நின்னுருச்சே. மேல ஏத்த முடியாது."

"நிக்கட்டும்மா." சற்று நின்று மூச்சு வாங்கினார். "லாரி வந்துச்சுல்ல, அப்ப நான் கண்ணை மூடிட்டேன்."

"நானும்தான்."

"நீ மூடலாம். நான் மாஸ்டரு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "சுவரு கட்டும்போது நான் ஏன் வாயே திறக்கலைன்னு உனக்குத் தெரியாது. ரோட்டுல போகப் போக எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. யார்கிட்டயும் சொல்லல. இவன் செங்கல்லை எடுத்துட்டு வந்தான். சரி, நல்லதுன்னு விட்டுட்டேன்."

"ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வாங்க மாமா. நெஞ்சை ஒரு படம் எடுத்துடலாம்," என்றாள்.

"அதுல பயம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்கு?" என்றார். ஆனாலும் சிரித்தார்.

அந்த வாரமே மாஸ்டர் ஆற்றங்கரையில் கிளாஸைத் தொடங்கினார். துறையை ஒட்டிச் சமதளமான மணல்தரை இருந்தது. ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் தள்ள வேண்டும். பிறகு தள்ளியவர் ஓட்ட, ஓட்டியவர் தள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை வகுத்தவர் வக்கீலம்மா. தானாக நகர்கிற வண்டியைவிட, நாலு பேர் தள்ளி நகர்கிற வண்டியில் ஓட்டுகிறவனுக்குப் பொறுப்பு கூடும் என்பது அவர் வாதம். படகுக்காரரின் படகு பட்பட்டென்று அக்கரைக்குப் போனது. முன்னால் மட்டுமே போகத் தெரிந்ததால், ஆற்றின் நடுவில் பெரிதாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. அந்த வட்டத்துக்காகவே சிலர் வேலை இல்லாமலும் ஏறினார்கள்.

வீட்டில், கொத்தனார் அடுக்கிவைத்த செங்கற்களுக்கு முன்னால் கலவைச் சட்டியோடு நின்றார். ஒரு பக்கச் சுவரே இல்லாத அந்த அறையில் மருமகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகாத நாள். தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவளும் அவர்களைப் பார்த்தாள். மடியில் ஒரு கிண்ணம் நிறைய வேர்க்கடலை.

"சொல்லு," என்றார் கொத்தனார். "எவ்வளவு உயரத்துக்குக் கட்டணும்?"

அவள் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். எழுந்து வந்து, தரையிலிருந்து தன் முழங்கால் வரை கையால் காட்டினாள்.

"இவ்வளவுதானா? இது சுவரா?"

"உக்காந்து காலை நீட்டிக்க."

அவர் அந்த உயரத்தைக் குனிந்து பார்த்தார். தன் தொழிலில் இப்படி ஒரு வேலை வந்ததே இல்லை என்று முணுமுணுத்தார். ஆனாலும் நூலைக் கட்டி, மட்டம் பார்த்து, முதல் கல்லை வைத்தார்.

"கடலை குடு," என்றார், கையை நீட்டி.